டெக்சாஸில் வேலை போனால் வாரம் எவ்வளவு வரும்?

கேள்வி: டாலஸில் கிரீன் கார்டில் இருக்கிறேன். 2025 மே மாதம் ஆட்குறைப்பில் என் பில்லிங் வேலை போய்விட்டது. 2024-இல் மொத்தச் சம்பளம் 40,000 டாலர். ஓவர்டைம் பார்த்த அந்த ஆண்டின் கடைசி மூன்று மாதத்தில் மட்டும் 12,000. கடைசிச் சம்பளத்தில் பாதியாவது மாநில உதவித்தொகையாக வருமா?
– ஒரு வாசகி

பதில்: கடைசிச் சம்பளத்தை வைத்துக் கணக்குப் போடுவதில்லை, சகோதரி. முடிந்துபோன ஐந்து காலாண்டுகளில் முதல் நான்கைத்தான் எடுப்பார்கள். மே மாதமே விண்ணப்பித்தால், உங்களுக்கு அது 2024 ஜனவரி முதல் டிசம்பர் வரை. அதில் அதிகம் சம்பாதித்த காலாண்டை 25-ஆல் வகுக்க வேண்டும். 12,000-க்கு வாரம் 480 டாலர். நீங்கள் பார்த்த ஓவர்டைம் வீண்போகவில்லை! பிடித்தத்துக்கு முந்தைய தொகைதான் கணக்கு. சம்பளச் சீட்டைப் பார்த்து ஒருமுறை சரிபாருங்கள்.

ஆனால் அதிகபட்சமான 26 வாரமும் வரும் என்று நம்பி வீட்டு வாடகைக்குத் திட்டம் போடாதீர்கள். நான்கு காலாண்டுச் சம்பளத்தில் 27 சதவீதம்தான் மொத்த வரம்பு. உங்களுக்கு 10,800 டாலர். இருபத்திரண்டரை வாரத்தில் தீர்ந்துவிடும்.

கூச்சப்பட்டுத் தள்ளிப்போடாதீர்கள். இதற்கான வரியைக் கட்டுவது முதலாளிகள். விண்ணப்பித்த வாரத்திலிருந்துதான் கணக்கு தொடங்கும். அப்புறம், இந்தத் தொகைக்கு மத்திய வருமான வரி உண்டு. 10 சதவீதத்தை முன்பே பிடிக்கச் சொல்லிவிடுங்கள்.