சின்ன மலை, சினை ஆடுகள்

கேள்வி: மகள் மான்செஸ்டரில் இருக்கிறாள். ஏப்ரலில் போகிறேன். லேக் டிஸ்ட்ரிக்டில் லாட்ரிக் மலைக்கு அழைத்துப் போவாளாம். எனக்கு 62 வயது, முழங்கால் வலி உண்டு. வழியெல்லாம் ஆடாமே, முட்டாதா?
- வாசகி, பாளையங்கோட்டை

பதில்: தாராளமாகப் போய் வாருங்கள் அம்மா. கெஸ்விக் ஊருக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன், மாதம் இரண்டு முறையாவது லாட்ரிக் ஏறிவிடுவேன். 368 மீட்டர்தான், உச்சியெல்லாம் புல். ஊரிலிருந்து ஸ்பூனி கிரீன் லேன் வழியாக ஏற ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். முட்டி கேட்காது என்றால் கேல் ரோட்டில் காரை விடச் சொல்லுங்கள். பாதி உயரத்துக்கு மேலேயே கார் போய்விடும். அங்கிருந்து சக்கர நாற்காலி போகிற மாதிரி பாதை போட்டிருக்கிறார்கள். உச்சிக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தால் கீழே கெஸ்விக், அதற்கப்பால் டெர்வென்ட்வாட்டர் ஏரி. ஏறும்போது சும்மா இருக்கிற முட்டி இறங்கும்போதுதான் வலிக்கும், ஈரப்புல் வேறு வழுக்கும். கைத்தடி கட்டாயம்.

உச்சிக்கு நடக்கிற உரிமை சும்மா கிடைத்ததில்லை. 1887-இல் நில உரிமையாளர்கள் வழியை அடைத்தார்கள். அக்டோபர் முதல் தேதி சுமார் 2000 பேர் திரண்டு தடைகளைத் தாண்டி உச்சிக்கு ஏறினார்கள். விஷயம் கோர்ட் வரை போனது, உச்சிக்கு நடக்கிற உரிமை நிலைத்தது. ஏறும்போது அவர்களை நினைத்துக்கொள்வேன்.

ஆடு முட்டாது. உங்களைப் பார்த்து அதுதான் பயப்படும். நீங்கள் போகிற நேரம் நிறைசினை. இங்குள்ள ஹெர்ட்விக் என்கிற செம்மறி இனம் ஏப்ரல் நடுவில்தான் குட்டி போட ஆரம்பிக்கும். விரட்டாமல், தாய்க்கும் குட்டிக்கும் நடுவே புகாமல், ஒதுங்கி நடங்கள். தனியாகப் படுத்திருக்கிற குட்டியைப் பாவம் என்று தூக்கிவிடாதீர்கள், தாய் பக்கத்தில்தான் மேயும். கேட் திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடிவிட்டுப் போங்கள்.

ஆனால் ஒன்று மட்டும் கவனியுங்கள். ஒரு மார்ச் மாதம் கல்சுவர் ஓரப் பள்ளத்தில் ஓர் ஆடு மல்லாந்து கிடந்தது. நாலு காலும் மேலே, வயிறு தவில் மாதிரி உப்பல். ஏதோ புரள்கிறது என்று கடந்திருப்பேன், கூட வந்த பண்ணைக்காரர்தான் ஓடினார். சினையும் நனைந்த கம்பளியும் சேர்ந்த கனத்தில் அது தானாக எழாதாம். இரைப்பையில் காற்று சேர்ந்து நுரையீரலை அழுத்த, சில மணி நேரத்தில் செத்துவிடுமாம். ரோமத்தைக் கொத்தாகப் பிடித்து மெதுவாக ஒருக்களித்துப் புரட்டினோம். எழுந்த பிறகும் விடக்கூடாது என்று என் தொடையில் சாய்த்துப் பிடிக்கச் சொன்னார். கால்கள் வெடவெடவென்று நடுங்கின. ரொம்ப நேரம் மூத்திரம் பெய்தது. அப்புறம் நாலடி நடந்து புல்லைக் கடித்தது. கம்பளி எண்ணெயின் பிசுக்கு சாயங்காலம் வரை என் கையை விட்டுப் போகவில்லை. மல்லாந்த ஆட்டைப் பார்த்தால் மகளை விட்டு இதைச் செய்யச் சொல்லுங்கள், பண்ணையிலும் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் நாய் சாதுவானது. மலையில் அவிழ்த்து விடலாமா?
- வாசகர், லீட்ஸ்

பதில்: வேண்டாம். இங்கிலாந்தில் பொதுமக்கள் நடக்க அனுமதி உள்ள திறந்தவெளிகளில் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை 2 மீட்டருக்கு மேல் நீளாத கயிற்றில்தான் நாய் இருக்கவேண்டும் என்பது சட்டம். ஆடு பக்கத்தில் இருந்தால் எந்த மாதமானாலும் அப்படித்தான். நாய் கடிக்கவே வேண்டாம், விளையாட்டுக்குத் துரத்தினாலே சினை கலையும்.

கேள்வி: மேல்மலையில் வேலியே இல்லையே, ஆடுகள் எப்படி ஓடிப்போகாமல் இருக்கின்றன?
- கல்லூரி மாணவி, தேனி

பதில்: நல்ல கேள்வி, எனக்கு ரொம்பப் பிடித்த விஷயமும் கூட. தாய் மேய்கிற இடத்திலேயே குட்டியும் மேய்ந்து, எல்லையைத் தெரிந்துகொள்கிறது. பிறகு அதன் குட்டிக்கும் அதே இடம். இந்தப் பக்கத்துப் பேச்சில் அந்த மேய்ச்சலிடத்துக்கு ‘ஹீஃப்’ என்று பெயர். தப்பித் தவறிக் கலந்தால் பிரிப்பதற்குக் கம்பளியில் பண்ணைக்கு ஒரு வண்ணக்குறி. பண்ணை கைமாறினாலும் பல இடங்களில் மந்தை அந்த நிலத்தோடுதான் இருக்கும், புது ஆள் வந்து பொறுப்பேற்பார். 2001-இல் கோமாரி வந்தபோது இந்த மலைகள் இருக்கிற கம்ப்ரியா மாவட்டத்தில் மந்தை மந்தையாகக் கொன்று எரித்தார்கள். அப்படிக் காலியான மலைக்கு வாங்கி வந்து விட்ட ஆடுகளுக்கு எந்த எல்லையும் தெரியாது. மேய்ப்பர்கள் நாள்தோறும் மேலே ஏறி, தாண்டிப் போனவற்றைத் திருப்பித் திருப்பி ஓட்டி வந்து பழக்க வேண்டியிருந்தது.