நாலாம் மாசத்துல இருந்து ஆறாம் மாசம் வரைக்கும்: கேளுங்க, சொல்றேன்

பிரசவ வார்டுல 14 வருஷமா நர்ஸா இருக்கேன். நிறைய பேர் கேட்டிருக்கீங்க, ஒவ்வொண்ணா பதில் சொல்றேன்.

அக்கா எனக்கு 19 வாரம், தலைச்சன். இன்னும் அசைவே தெரியல, என் ஓரகத்திக்கு நாலு மாசத்துலயே தெரிஞ்சுச்சாம். பயமா இருக்கு.

ஓரகத்திக்கு அது ரெண்டாவது குழந்தையா இருந்திருக்கும்மா. ரெண்டாவதுன்னா 16 வாரத்துலயே கண்டுபிடிச்சிடுவாங்க, தலைச்சனுக்கு 18ல இருந்து 20 ஆகும், சிலருக்கு 22 கூட ஆகும். ஆரம்பத்துல உதைக்கிற மாதிரியெல்லாம் இருக்காது, உள்ள மீன் குஞ்சு வாலாட்டுற மாதிரி இருக்கும், வயித்துல கேஸுன்னு நெனச்சு விட்டுடுவோம். நஞ்சு, அதான் நஞ்சுக்கொடி, முன்பக்கமா ஒட்டியிருந்தா நடுவுல மெத்தை வச்ச மாதிரி, இன்னும் லேட்டாத்தான் தெரியும். 24 வாரம் ஆகியும் தெரியலன்னா போய் காட்டுங்க. ஒருதடவை நல்லா தெரிய ஆரம்பிச்சப்புறம் குறைஞ்சா மட்டும் நாளைக்குப் பாக்கலாம்னு இருக்காதீங்க, அன்னைக்கே போகணும்.

அஞ்சாம் மாச ஸ்கேன் கட்டாயமா? அடிக்கடி ஸ்கேன் எடுத்தா பிள்ளைக்கு ஆகாதுன்னு அத்தை சொல்றாங்க.

கட்டாயம் எடுங்க. அது எக்ஸ்ரே இல்ல, ஒலி அலைதான்னு அத்தைகிட்ட சொல்லுங்க. 18ல இருந்து 20 வாரத்துக்குள்ள எடுக்கிற இந்த அனாமலி ஸ்கேன்லதான் இதயத்தோட நாலு அறை, முதுகுத்தண்டு, மூளை, கிட்னி எல்லாம் ஒவ்வொண்ணா பாப்பாங்க. ஆணா பொண்ணான்னு கேக்காதீங்க, சொல்றது குற்றம்னு 1994லயே சட்டம் வந்தாச்சு.

நஞ்சு கீழ இருக்குன்னு 20 வாரத்துல ரிப்போர்ட் வந்திருக்கு.

கர்ப்பப்பை வளர வளர பெரும்பாலானவங்களுக்கு மேல ஏறிடும், 32 வாரம் போல மறுபடி பாப்பாங்க. துளி ரத்தம் பட்டாலும் உடனே ஆஸ்பத்திரி.

எச்பி (ரத்தத்துல ஹீமோகுளோபின்) 9.6 தான் இருக்கு. கீரை, பேரீச்சம்பழம் எல்லாம் சாப்பிடுறேனே?

நல்லா சாப்பிடுங்க, ஆனா அது மட்டும் பத்தாதுடா. இந்த மாசங்கள்ல ரத்தத்துல தண்ணி வேகமா கூடும், சிவப்பணு அந்த வேகத்துக்கு கூடாது, அதனால கொஞ்சம் இறங்குறது சகஜம், ஆனா 9.6ங்கறது ரத்தசோகைதான். இரும்புச்சத்து மாத்திரை டாக்டர் சொன்ன அளவுல போடணும். டீ காபியோட போட்டா உடம்புல ஒட்டாது, கால்சியம் மாத்திரையோட சேத்துப் போட்டாலும் ஒட்டாது, அதுக்கும் இதுக்கும் ரெண்டு மணி நேரமாவது விடுங்க, எலுமிச்சை ஜூஸோட போட்டா நல்லது. மலம் கறுப்பா போகும், பயப்படாதீங்க. குமட்டுதுன்னு மாத்திரையை பீரோல வச்சுட்டு, 7 எச்பியோட வலி எடுத்து வந்து நின்னவங்கள பாத்திருக்கேன், ராத்திரில அவங்களுக்காக ரத்தம் தேடி ஓடினதெல்லாம் இன்னும் கண்ணுலயே நிக்குது. குமட்டினா டாக்டர்கிட்ட சொல்லுங்க, வேற மாத்திரை இருக்கு.

குங்குமப்பூ எந்த மாசத்துல இருந்து?

நிறம் அப்பா அம்மாகிட்ட இருந்து வர்றது, பூவால மாறாது. அந்தக் காசுக்கு முட்டை வாங்கிச் சாப்பிடுங்க.

முதல் செக்கப்ல சுகர் நார்மல், மறுபடி எதுக்கு?

நஞ்சுல சுரக்கிற ஹார்மோன் இன்சுலினை சரியா வேலை செய்ய விடாது, அது போகப் போக கூடும். அதனாலதான் 24ல இருந்து 28 வாரத்துக்குள்ள 75 கிராம் குளுக்கோஸ் கரைச்சுக் குடுத்து ரெண்டு மணி நேரம் கழிச்சுப் பாக்கறாங்க. 140 இல்ல அதுக்கு மேலன்னா கர்ப்பகால சுகர்.

25 வாரம். ரெண்டு நாளா மூஞ்சி வீங்கியிருக்கு, தலைவலி விடல, கண்ணு மங்கலா தெரியுது. காலைல போனா போதுமா?

வேணாம்மா, இப்பவே கிளம்புங்க. இது பிபி ஏறினதா இருக்கலாம், வலிப்பு வரைக்கும் கொண்டு போய் விட்டுடும். வண்டி இல்லன்னா 108 கூப்பிடுங்க, செக்கப் புக்கை கையில எடுத்துக்கோங்க, தனியா போகாதீங்க. போய்ச் சேந்ததும் பிபி எவ்வளவுன்னு எனக்குச் சொல்லுங்க, முழிச்சிட்டுதான் இருக்கேன்.