ஜப்பானில் அடுக்குமாடி வீடு வாங்கியவர்கள் மாதாமாதம் கட்டும் 'ஷூசென் ட்சுமிதாதெகின்' என்றால் என்ன?

கட்டடத்தைப் பழுதுபார்க்க, வீட்டு உரிமையாளர்கள் எல்லோரும் சேர்ந்து முன்கூட்டியே சேர்த்துவைக்கும் பணம் இது. வங்கிக் கடன் தவணை வேறு, இது வேறு. கடன் முடிந்தாலும் இது முடியாது.

கவாசாகி நகரின் முசாஷி-கொசுகியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் தொழிற்சாலைகள் இருந்த இடம். டோக்கியோவுக்கு ரயிலில் போய்வர வசதி என்பதால் இன்று வானுயர் குடியிருப்புகள் நிற்கின்றன. ஏறக்குறைய 12 முதல் 15 வருடங்களுக்கு ஒருமுறை இப்படிப்பட்ட கட்டடங்களில் பெரிய பராமரிப்பு வேலை வரும்: வெளிச்சுவர், மொட்டைமாடி நீர்க்கசிவு. குழாய், லிஃப்ட் மாற்றும் வேலை இன்னும் பல வருடம் கழித்து வரும். மிக உயரமான கட்டடங்களுக்குச் சாதாரணச் சாரம் போதாது, தொங்கும் மேடைகள் வேண்டும்; செலவும் கூடும். 2019 அக்டோபர் புயலில் அங்கே ஒரு கோபுரக் குடியிருப்பின் அடித்தள மின்கருவிகள் வெள்ளத்தில் மூழ்கி, மின்சாரமும் தண்ணீரும் நின்றுபோயின. தரைக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதையும் கேட்டுக்கொள்வது நல்லது.

புது பைக் மாதிரிதான். முதல் வருடம் பெட்ரோல் மட்டும். பிறகு டயர், செயின், பேட்டரி என்று வரிசையாக வரும். இதிலும் பல இடங்களில் தொடக்கத் தொகையைக் குறைவாக வைத்து, சில வருடங்களுக்கு ஒருமுறை ஏற்றுவார்கள். விற்பவருக்கு அது வசதி, பாருங்கள்! எனவே இன்றைய தொகையை மட்டும் பார்க்காமல், நீண்டகாலப் பழுதுபார்ப்புத் திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். வாடகைக்குப் போகிறவருக்கு இந்தக் கவலை இல்லை. இது உரிமையாளர் பாடு.

வீட்டை விற்றால் இதுவரை கட்டியது திரும்பி வரும் என்று பலர் நினைக்கிறார்கள். வராது, அது கட்டடத்தின் பொதுப்பணம்.