மலைநாட்டுப் பயணம்: ஊர்ச் செலவெல்லாம் உங்கள் அட்டையில் ஏன்?

கேள்வி: நானும் கணவரும் வேலை செய்கிறோம். கைக்கு வருவது மாதம் 210,000 ரூபா. பிள்ளைகள் இருவர். ஒவ்வொரு விடுமுறைக்கும் கணவரின் அண்ணா குடும்பத்தையும் மாமியையும் கூட்டிக்கொண்டு வான் பிடித்து மலைநாடு போவோம்; எங்கள் சின்னக் கார் வீட்டில் நிற்கும். முழுச் செலவும் எங்கள் கடன் அட்டையில்தான். “பிறகு தாறம்” என்பார்கள், அரைவாசியும் வராது. இப்போது நிலுவை 280,000. அதில் 110,000 அண்ணா தரவேண்டியது. மாதம் 14,000 கட்டுகிறோம். இந்த டிசம்பரில் பெலிகுல் ஓயாவிலும் ஹோட்டன் சமவெளியிலும் கூடாரம் அடித்துத் தங்க ஆசை. கூடாரம், தூக்கப் பைகளை 0 வீதத் தவணையில் வாங்கச் சொல்லி வங்கி குறுஞ்செய்தி அனுப்பியுள்ளது. வாங்கலாமா? – வாசகி, வெள்ளவத்தை

பதில்: வாங்க வேண்டாம். 0 வீதம் என்பது மாத பில்லை முழுமையாகக் கட்டுபவருக்குத்தான். தவணைத் தொகை மாதாமாதம் உங்கள் பில்லில் ஏறும். நீங்கள் கட்டுவதோ குறைந்தபட்சத் தொகை. கட்டாமல் விட்ட பங்கு நிலுவையோடு சேர்ந்து வழமையான வட்டியை இழுக்கும். கையாளுகைக் கட்டணம் வேறு இருக்கலாம்.

ஆனால் உங்களைக் கரைப்பது அந்தக் குறுஞ்செய்தி இல்லை, இரண்டு வீட்டுச் செலவை ஒரு அட்டையில் இழுத்துவிட்டுப் பிறகு வசூலிக்கும் பழக்கம். ஆண்டு வட்டி 26 வீதம் என்று வைப்போம் (உங்கள் வீதம் பில்லிலேயே இருக்கும்). 280,000க்கு ஒரு மாத வட்டி ஏறக்குறைய 6,000. நீங்கள் கட்டும் 14,000இல் கடன் தொகையில் கழிவது 8,000 மட்டுமே. அட்டையில் வேறு ஒரு சதமும் ஏற்றாமல் மாதம் 14,000ஐ விடாமல் கட்டினாலும் 27 மாதம் ஓடும், வட்டி மட்டும் 90,000 தாண்டும். அண்ணாவின் 110,000க்கு மாதம் 2,400 அளவில் வட்டி நீங்கள் கட்டுகிறீர்கள். அவருக்கு அது தெரிந்திருக்காது. இன்னொன்று: நிலுவை நிற்கும்வரை வட்டியில்லாக் காலம் பொதுவாகக் கிடைக்காது. அந்த அட்டையில் வாங்கும் அரிசி பருப்புக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி. அட்டையை இன்றே அலுமாரிக்குள் வையுங்கள்.

மாதம் 30,000 கட்டினால் 11 மாதத்தில் முடியும், வட்டி 36,000 அளவில் நிற்கும். அண்ணா மாதம் 10,000 தந்தால், உங்கள் பங்கு இப்போதையதைவிட 6,000 தான் கூட. இதைக் கணவரே அண்ணாவிடம் நேரில் பேசட்டும். நீங்கள் கேட்டால் மருமகள் கணக்குப் பார்க்கிறாள் என்று கதை திரும்பும். அந்தப் பழி உங்களுக்கு வேண்டாம்.

பயணத்தை நிறுத்தச் சொல்லவில்லை, அடுத்த ஓகஸ்டுக்குத் தள்ளுங்கள். கடன் பெரும்பாலும் இறங்கியிருக்கும். டிசம்பரில் வடகீழ் மழை ஊவாப் பக்கச் சரிவுகளில் கொட்டும், மண்சரிவு எச்சரிக்கையும் வரும். ஓகஸ்டில் அங்கே மழை குறைவு, காற்றுத்தான் பலம்; கூடார முளைகளை ஆழமாக அடிக்க வேண்டும்.

வான் வேண்டாம், உங்கள் காரிலேயே போங்கள். இரத்தினபுரி, பலாங்கொடை வழியாகப் பெலிகுல் ஓயா, பிறகு அப்புத்தளை, ஒஹிய வழியாக ஹோட்டன் சமவெளி ஏறித் திரும்பினால் மொத்தம் 450 கிலோமீற்றர் அளவில் வரும். ஏற்றத்தில் லீற்றருக்கு 11 என்று குறைத்தே பிடித்தாலும் 41 லீற்றர். லீற்றர் 300 ரூபா என்றால் 12,300. கிளம்புமுன் பிரேக் பட்டைகளையும் கூலன்டையும் பார்க்கச் சொல்லுங்கள். இறக்கத்தில் சின்ன கியரில் இறங்குங்கள்; பிரேக்கையே மிதித்துக்கொண்டு போனால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும்.

கூடாரம் பெலிகுல் ஓயாவில் மட்டும் போதும். அங்கே உயரம் குறைவு, வீட்டுப் போர்வையே காணும். கூடாரத்தை வாடகைக்கு எடுங்கள்; அதன் மேலே இன்னொரு மழைச் சீலை உண்டா என்று கேளுங்கள். ஒற்றைத் துணியென்றால் ஒரு மழைக்கே உள்ளே சொட்டும். ஆற்றங்கரையை ஒட்டி அடிக்க வேண்டாம், மேலே பெய்தால் கீழே வெயில் எறிக்கும்போதே தண்ணீர் ஏறும். ஹோட்டன் சமவெளி 2,000 மீற்றருக்கு மேல், இரவுக் குளிர் கடுமை. அந்தத் தடித்த தூக்கப் பைகள் அங்கே தங்குவதற்குத்தான் வேண்டும். அதற்குப் பதில் அப்புத்தளையில் ஒரு அறை எடுத்து, விடியமுன் கிளம்பிப் பகலில் பார்த்துவிட்டு இறங்குங்கள். நேரம் போனால் அங்குள்ள உலக முடிவு என்ற செங்குத்து மலை விளிம்பைப் பனிமூட்டம் மூடிவிடும். வாயிலில் பொலித்தீனை எடுத்துவிடுவார்கள், சாப்பாட்டைப் பெட்டியில் கட்டுங்கள்.

அண்ணா குடும்பமும் வந்தால், அவர்கள் பங்கு மூன்று கிழமைக்கு முன்பே உங்கள் வங்கிக் கணக்கில் விழவேண்டும். மாமியின் செலவை இரு மகன்களும் பாதி பாதி ஏற்கட்டும். தங்குமிடத்துக்கு முற்பணம் கட்டுமுன், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுத்தால் பணம் திரும்புமா, திகதி மாறுமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். இரண்டுக்கும் இல்லையென்றால் வேறு இடம் பாருங்கள்.