மூன்றாவது பெட்ரூமா, விசாலமான அறைகளா? முதலில் கட்டிலைப் போட்டுப் பாருங்கள்

கேள்வி: மடிப்பாக்கத்தில் வாடகைக்கு இருக்கிறோம். நான், கணவர், நான்காம் வகுப்பு படிக்கும் மகன். மாமியார் கும்பகோணத்திலிருந்து வந்து வருடத்தில் ஆறு மாதம் எங்களோடு இருப்பார். வயது 71, முழங்கால் வலி உண்டு. மேடவாக்கம் பக்கம் கட்டிக்கொண்டிருக்கும் ஒரு குடியிருப்பில் இரண்டு ஃபிளாட் பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று 1,150 சதுர அடி, இரண்டு பெட்ரூம், அறைகள் நல்ல பெரியவை. இன்னொன்று 1,235 சதுர அடி, மூன்று பெட்ரூம், எல்லாமே கொஞ்சம் சிறியவை. மூன்றாவது அறை 9 அடிக்கு ஒன்பதரை. சதுர அடி 6,500 ரூபாய். "மூணு பெட்ரூம் ரெண்டே ரெண்டுதான் பாக்கி, நாளைக்கே டோக்கன் போட்டுடுங்க" என்கிறார் புரோக்கர். கணவருக்குப் பெரிய அறைகள்தான் பிடித்திருக்கிறது. பின்னால் தேவைப்பட்டால் தடுத்துக்கொள்ளலாம் என்கிறார். எதை வாங்கலாம்?

பதில்: உங்கள் வீட்டுக்கு மூன்று பெட்ரூம்தான் சரி. ஆனால் அந்த மூன்றாவது அறை உண்மையிலேயே ஓர் அறைதானா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். நாளைக்கு டோக்கன் போட வேண்டாம்.

காரணம் எளிது. ஆறு மாதம் தங்குபவர் விருந்தாளி அல்ல. இரண்டு பெட்ரூம் வீட்டில் அவருடைய கட்டில் ஒன்று ஹாலுக்கு வரும், இல்லையென்றால் பையனின் அறைக்குப் போகும். ஒன்பது மணிக்குப் படுக்க நினைக்கும் 71 வயதுக்காரர், நீங்கள் டிவியை அணைக்கும்வரை ஹாலில் உட்கார்ந்திருக்க வேண்டும். பையன் பத்தாம் வகுப்புக்கு வரும்போது அவனுக்கும் சாத்திக்கொள்ள ஒரு கதவு வேண்டும். உங்கள் பெட்ரூம் 14 அடி இருந்தாலும் இதில் ஒன்றும் மாறப்போவதில்லை.

இப்போது பணக் கணக்கு. 85 சதுர அடி அதிகம், 6,500 வீதம் 5,52,500 ரூபாய். கட்டுமானத்தில் இருக்கும் வீடு என்பதால் 5 சதவீதம் ஜிஎஸ்டி சேர்ந்து 5.8 லட்சம். இருபது வருடக் கடனில் மாதம் சுமார் 5,000 ரூபாய் கூடுதல் தவணை, பத்திரச் செலவு தனி. அந்த 5,000 உங்களால் முடியாது என்றால் மேலே படிக்கவே வேண்டாம், இரண்டு பெட்ரூமையே வாங்குங்கள்.

முடியும் என்றால், அந்த 85 சதுர அடியில் வீட்டுக்குள் எவ்வளவு வருகிறது என்று பாருங்கள். 1,150, 1,235 எல்லாம் சூப்பர் பில்ட்-அப் கணக்கு. லிஃப்ட், படிக்கட்டு, வராந்தாவில் உங்கள் பங்கு எல்லாம் அதில் இருக்கிறது. பொதுவாக அதில் 70 சதவீதம்தான் கார்பெட் ஏரியா, அதாவது நீங்கள் காலால் நடக்கக்கூடிய தரை. அப்படியானால் கூடுதலாகக் கிடைப்பது 60 சதுர அடி. மூன்றாவது அறைக்கே 85 வேண்டும், அந்த அறைக்குப் போகும் நடைக்கு இன்னொரு 25. மீதி 50 சதுர அடி எங்கிருந்து வந்தது? ஹாலிலிருந்தும் மற்ற அறைகளிலிருந்தும் வெட்டி எடுத்தது. அதனால்தான் எல்லாமே சிறியதாக இருக்கிறது. ஹாலின் அகலம் 10 அடிக்குக் கீழே போயிருந்தால் மட்டும் நான் சொன்னதை மாற்றிக்கொள்வேன். சோபா போட்டு எதிரே டிவி மாட்டினால் நடுவில் ஆள் நடக்க வழி இருக்காது.

கார்பெட் ஏரியாவை எழுத்தில் தர வேண்டும் என்று, வீடு கட்டி விற்பவர்களை ஒழுங்குபடுத்தும் ரெரா சட்டம் 2016-லேயே சொல்லிவிட்டது. இன்றைக்கும் சாலையோர போர்டிலும் புரோக்கர் வாயிலும் சூப்பர் பில்ட்-அப் மட்டும்தான். கார்பெட் எவ்வளவு என்று கேட்டால், "அதெல்லாம் அக்ரிமென்ட்ல வரும் சார்" என்கிறார்கள். அக்ரிமென்ட் கைக்கு வருவதற்குள் இரண்டு லட்சம் கைமாறியிருக்கும். இத்தனை வருடம் ஆகியும் இதை யாரும் நிறுத்தவில்லை என்பதில் எனக்குத் தீராத கோபம் உண்டு.

அடுத்து அந்த 9 அடி அறை. பிரோஷரில் போடும் அளவைச் சிலர் பூச்சுக்கு முந்தைய சுவரிலிருந்து எடுப்பார்கள், சிலர் சுவரின் நடுவிலிருந்தே எடுப்பார்கள். 9 அடி என்பது கைக்கு வரும்போது 8 அடி 8 அங்குலமாக இருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். இன்று சாயங்காலம் உங்கள் மொட்டைமாடிக்கு ஒரு டேப்பும் சாக்பீஸும் கொண்டுபோங்கள். எட்டே முக்கால் அடிக்கு ஒன்பதேகால் அடி ஒரு கட்டம் போடுங்கள். கதவு எங்கே, எந்தப் பக்கம் திறக்கும் என்று குறியுங்கள். ஒரு சுவரோரம் பீரோவுக்கு 2 அடி விடுங்கள். 5 அடி அகலக் கட்டில் வரைந்தால் பக்கத்தில் மிஞ்சுவது ஒன்றே முக்கால் அடி. பீரோ கதவைத் திறந்தால் ஆள் நிற்க முடியாது. அதை அழித்துவிட்டு 3 அடி ஒற்றைக் கட்டில் வரையுங்கள். மூன்றே முக்கால் அடி கிடைக்கும், வாக்கர் வைத்தே நடக்கலாம். மாமியாரையும் மேலே அழைத்துப்போய் அந்தக் கட்டத்துக்குள் நடக்கச் சொல்லுங்கள். ஒருவருக்கு அது தாராளமான அறை, இருவருக்கு அல்ல.

மாதிரி வீட்டைப் பார்த்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். ஒருமுறை வாங்குபவரோடு போயிருந்தேன். சின்ன பெட்ரூம்கூட அழகாக, இடம் விட்டு இருந்தது. எனக்கு ஏதோ உறுத்தியது. கட்டிலில் டேப் வைத்தேன், நீளம் 5 அடி 8 அங்குலம். ஆறரை அடி இருக்க வேண்டிய கட்டில்! அலமாரி ஆழம் ஒன்றேகால் அடி, ஹேங்கரில் சட்டை மாட்டினால் கதவு மூடாது. உள் அறைகளுக்குக் கதவே மாட்டவில்லை. கூட வந்த புரோக்கருக்கு இது தெரியாமல் இல்லை. கட்டுபவரிடம் கமிஷன் வாங்குகிறவர் உங்களிடமும் வாங்குவார், எதற்காக வாய் திறக்கப்போகிறார்?

அளவில் சட்டத்தையும் நம்பி இருக்க முடியாது. தேசிய கட்டட விதித்தொகுப்பின்படி ஓர் அறை 9.5 சதுர மீட்டர் இருந்தால், இன்னொன்று 7.5 சதுர மீட்டரும் 2.1 மீட்டர் அகலமும் இருந்தால் போதும். அதாவது 81 சதுர அடி, 7 அடி அகலம். ஏழடி அகலத்தில் கட்டிலைக் குறுக்கே போட்டால் கால்மாட்டில் ஆறு அங்குலம்தான் மிச்சம். விதி எழுதியவர்கள் அதில் ஒரு ராத்திரி படுத்துப் பார்த்திருக்க வேண்டும்.

இதைவிட மோசமான ஏமாற்று ஒன்று உண்டு. பிரோஷரில் 'பெட்ரூம் 3' என்று இருக்கும், சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் (சிஎம்டிஏ) ஒப்புதல் வரைபடத்தில் அதே இடம் 'ஸ்டோர்' அல்லது 'ஸ்டடி' என்று இருக்கும். ஜன்னல் வெளியே திறக்காமல் பைப் இறங்கும் ஷாஃப்டுக்குள் திறக்கும். வெளிச்சம் வராது, பக்கத்து பாத்ரூம் வாடை மட்டும் வரும். தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் திட்டத்தின் பதிவு எண்ணைப் போட்டு, ஒப்புதல் வரைபடத்தை எடுத்து பிரோஷரோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே கிடைக்கவில்லையென்றால் கட்டுபவரிடமே கேளுங்கள். கொடுக்க வேண்டியது அவர் கடமை. அறையின் பெயரும் ஜன்னலும் இரண்டிலும் ஒன்றாக இல்லையென்றால் அந்த ஃபிளாட் வேண்டாம்.

உங்கள் கணவர் சொன்ன 'தடுத்துக்கொள்ளலாம்' விஷயத்துக்கு வருகிறேன். பெரிய அறையைத் தடுத்தால் ஜன்னல் ஒரு பாதிக்குத்தான் போகும், மறுபாதி இருட்டறை. வெளிச்சுவரில் புது ஜன்னல் உடைக்க உங்களை விடமாட்டார்கள். மாறாக, இரண்டு சிறிய அறைகளை நாளைக்கு ஒன்றாக்க முடியும். மூன்று பெட்ரூம் வாங்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் இதற்கு ஒரு விலக்கு இருக்கிறது, தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். தூண், பீம் போட்டு நடுவில் செங்கல்லோ பிளாக்கோ வைத்துக் கட்டிய வீட்டில்தான் உள்சுவரை எடுக்கலாம். அதுவும் இன்ஜினியர் பார்த்துச் சொன்ன பிறகு, குடியிருப்புச் சங்கத்திடம் எழுதிக் கொடுத்துவிட்டு. இப்போது பெரிய குடியிருப்புகள் பலவற்றை 'மைவான்' முறையில் கட்டுகிறார்கள். அலுமினிய ஷட்டர் அடித்து, சுவரையும் தளத்தையும் ஒரே வார்ப்பாக கான்கிரீட்டில் ஊற்றுவது. அங்கே சுவர்தான் தூண், மேல்மாடியின் பாரம் அதன் வழியாகத்தான் இறங்குகிறது. அதில் உங்கள் வீட்டு உள்சுவரைக்கூட உடைக்கவே கூடாது, வாசல் வெட்டக்கூடாது, ஏசி பைப்புக்குப் பெரிய துளை போடுவதற்குக்கூட கேட்டுத்தான் போட வேண்டும். "அப்புறம் உடைச்சுக்கலாம் மேடம்" என்று புரோக்கர் சொன்னால் நம்பாதீர்கள். சைட் இன்ஜினியரிடம் நேராகக் கேளுங்கள்: உள்சுவர் பிளாக்கா, கான்கிரீட்டா? மைவான் என்றால் இன்று எந்த அளவில் வாங்குகிறீர்களோ, கடைசிவரை அதே அளவுதான். அப்போது மொட்டைமாடிச் சோதனையை மூன்றாவது அறைக்கு மட்டுமல்லாமல் ஹாலுக்கும் மற்ற இரண்டு அறைகளுக்கும் செய்துவிடுங்கள்.

பாத்ரூம் பற்றி நீங்கள் எழுதவில்லை. மூன்று பெட்ரூமுக்கு இரண்டு பாத்ரூம்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். மாமியாரின் அறையிலிருந்து பொது பாத்ரூமுக்கு ராத்திரியில் எத்தனை அடி நடக்க வேண்டும் என்று எண்ணுங்கள். பாத்ரூம் கதவு இரண்டரை அடி இருக்கட்டும், வாசலில் படி கூடாது. தூரம் என்றால் பாத்ரூம் ஒட்டிய சிறிய அறையை அவருக்கு மாற்றிக் கொடுங்கள்.

டோக்கன் விஷயம். விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் கட்டுபவர் வாங்கவே கூடாது, இதுவும் ரெரா சட்டம்தான். புரோக்கருக்கும் ரெரா பதிவு எண் இருக்க வேண்டும், கேளுங்கள். நாளை அவர் போன் செய்தால், கார்பெட் ஏரியா, மூன்றாவது அறையின் பூச்சு போக உள்ளளவு, ஒப்புதல் வரைபடம், உங்கள் பங்கு நிலமான யூடிஎஸ் எத்தனை சதுர அடி, இந்த நான்கையும் மெயிலில் அனுப்பச் சொல்லுங்கள். வந்த பிறகு டேப்போடு சைட்டுக்குப் போங்கள். அதற்குள் இந்த இரண்டு ஃபிளாட்டும் விற்றுப்போனால் போகட்டும், மேடவாக்கத்தில் கட்டுகிறவர் இவர் ஒருவர் மட்டும் அல்ல.