மோட்டார்ஹோமில் தண்ணீர் ஒழுகுகிறதா? கேளுங்கள், சொல்கிறேன்

ஒன்டாரியோவில் பழைய மோட்டார்ஹோம்களை (படுக்கை, சிங்க், கழிப்பறை எல்லாம் உள்ள வீட்டு வண்டிகளை) வாங்கி, பழுதுபார்த்து ஓட்டுவது எனக்கு நெடுநாள் வழக்கம். வண்டிக்குள் தண்ணீர் ஒழுகுவது பற்றி வந்த கேள்விகளை இங்கே ஒன்றாக எடுத்துக்கொள்கிறேன். அநேகமாக எல்லோரும் "எங்கே ஒழுகுகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?" என்றுதான் கேட்கிறீர்கள். "எப்போது ஒழுகுகிறது?" என்பதைச் சொல்லுங்கள், மற்றதைப் பிறகு பார்ப்போம். சுவர்ப் பலகையைக் கழற்றும் வேலை கடைசியில்தான்.

கேள்வி (பிராம்டன்): அண்ணை, இரவில் எல்லாக் குழாயும் மூடியிருக்க, பம்ப் பத்து நிமிடத்துக்கு ஒருதரம் டர்ரென்று ஓடி நிற்கிறது. தரை காய்ந்துதான் கிடக்கிறது. பம்ப் பழுதா?

பதில்: பம்பைத் திட்டாதீர்கள். அந்த 12 வோல்ட் பம்புக்குள் ஓர் அழுத்த சுவிட்ச் இருக்கிறது. குழாயில் அழுத்தம் ஏறியதும், பல பம்புகளில் 55 பிஎஸ்ஐ (அழுத்தத்தை அளக்கும் அலகு) அளவில், அது பம்பை நிறுத்திவிடும். இறங்கினால் மறுபடி ஓட்டும். யாரும் குழாயைத் திறக்காமலே ஓடுகிறது என்றால் அழுத்தம் எங்கோ இறங்குகிறது. தண்ணீர் வெளியே கசியலாம், அல்லது பம்புக்குள் இருக்கும் ஒருவழி வால்வு சரியாக மூடாமல் டேங்குக்கே திரும்பிப் போகலாம்.

முதலில் வெளிக்கசிவைப் பாருங்கள். பம்பை ஓடவிட்டு அழுத்தம் ஏற்றிய பின், எட்டுகிற ஒவ்வொரு இணைப்பையும் துணியால் துடைத்து, அதைச் சுற்றி டாய்லெட் பேப்பர் ஒரு சுற்று சுற்றிவையுங்கள். அரை மணி கழித்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத துளியும் பேப்பரில் தெரிந்துவிடும். கழிப்பறையின் பின்புறம், வாட்டர் ஹீட்டரின் பின்புறம், சிங்க் அடி, வெளி ஷவர் பெட்டி, பம்பின் இரு முனைகள், அதன் முன்னால் இருக்கும் வடிகட்டிக் கிண்ணம் எல்லாவற்றையும் பாருங்கள். வெளி ஷவரைப் பலர் மறந்தே போகிறார்கள்.

எல்லாம் காய்ந்திருந்தால் முகாமில் வெளிக் குழாய்த் தண்ணீரை இணைத்து, பம்பை அணைத்துவிட்டு டேங்க் அளவைக் கவனியுங்கள். தானாக ஏறினால் பம்பின் ஒருவழி வால்வு பிடிக்கவில்லை. சில நேரம் ஒரு சிறு துகள் மாட்டியிருக்கும். பம்பின் தலையைக் கழற்றிக் கழுவினாலே சரியாகிவிடும். இல்லாவிட்டால் தலைப்பகுதியை மட்டும் மாற்றலாம்.

இன்னொன்று. பம்பில் ஓடும்போது அந்த டர்ர் சத்தமாவது கசிவைக் காட்டிக்கொடுக்கிறது. வெளிக் குழாயில் இணைத்திருக்கும்போது எந்தச் சத்தமும் வராது, தண்ணீரும் தீராது. வண்டியை விட்டு வெளியே போகும்போது அந்தக் குழாயை மூடிவிட்டுப் போங்கள். முகாம்களில் அழுத்தம் கண்டபடி இருக்கும் என்பதால் 40 முதல் 50 பிஎஸ்ஐக்குள் வைக்கும் ரெகுலேட்டர் ஒன்றைக் குழாய் வாயிலேயே மாட்டுங்கள்.

கேள்வி (ஹூஸ்டன்): சார், படுக்கைக்குக் கீழே கார்பெட் ஈரமாகவே இருக்கிறது. அந்தப் பக்கம் தண்ணீர்க் குழாயே கிடையாது. எங்கிருந்து வருகிறது?

பதில்: எங்கேயோ இடி இடித்து எங்கேயோ மழை பெய்த கதைதான் இது. தண்ணீர் தரைக்கும் அடித்தட்டுக்கும் நடுவே ஓடி, வண்டி எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறதோ அந்த மூலையில் போய்த் தேங்கும். ஈரம் இருக்கும் இடத்தை உடைத்துப் பார்ப்பதில் பலன் இல்லை.

வண்டிக்குள் நான்கு வகைத் தண்ணீர் இருக்கிறது. அழுத்தத்தில் நிற்கும் நல்ல தண்ணீர் எப்போதும் கசியும். சிங்க், ஷவர் கழிவுநீர், நீங்கள் அவற்றைப் பயன்படுத்தும்போது மட்டும் கசியும். மழைநீர் மழைக்குப் பிறகு வரும். ஏசியிலிருந்து வழியும் நீர், ஏசி ஓடினால் வரும். உங்கள் ஊர் வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் கடைசியதை லேசாக விட்டுவிடாதீர்கள்.

ஆகவே கார்பெட்டைக் காயவைத்துவிட்டு ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். ஒரு நாள் நல்ல தண்ணீரை முழுவதும் அடைத்து, அழுத்தத்தையும் வெளியேற்றிவிடுங்கள். அப்போதும் ஈரமானால் அது நல்ல தண்ணீர் அல்ல. அடுத்து ஷவர் தட்டில் கேசரிப் பவுடர் கலந்த தண்ணீரை ஊற்றுங்கள். கீழே நிறம் தெரிந்தால் வடிகால் இணைப்பு. மழைக்குத்தான் வருகிறது என்றால் பிளம்பிங்கை மறந்துவிட்டுக் கூரைக்கு ஏறுங்கள். காற்றுத் துவாரம், ஏசி, ஆன்டெனா இவற்றைச் சுற்றித் தண்ணீர் புகாமல் அடைத்திருக்கும் சீலண்ட் வெடித்திருக்கும். ஜன்னல் ஓரங்களையும், பின்பக்க விளக்குகளையும் பாருங்கள்.

கேள்வி: நிறுத்தியிருக்கும்போது ஒரு சொட்டு இல்லை. ஓட்டினால் மட்டும் அடியில் வழிகிறது.

பதில்: டேங்கை விளிம்பு வரை நிரப்பியிருப்பீர்கள். வளைவிலும் பிரேக்கிலும் தண்ணீர் அலைந்து, காற்றுக்குழாய் வழியாகக் கொட்டும். முக்கால் அளவுக்கு நிரப்பி ஓட்டிப் பாருங்கள். அதற்கும் நிற்காவிட்டால் டேங்கின் நிரப்புக் குழாயிலும் காற்றுக்குழாயிலும் உள்ள கிளாம்புகளைப் பாருங்கள். நின்ற இடத்தில் அவற்றின் மட்டம் வரை தண்ணீர் வராது, அதனால் கசிவு தெரியாது.

கேள்வி (ஸ்காபரோ): வசந்தத்தில் முதல்முறை தண்ணீர் நிரப்பினேன். கழிப்பறைக்குப் பின்னாலிருந்து பீய்ச்சி அடிக்கிறது அண்ணை. போன ஒக்டோபரில் டேங்கைக் காலி செய்துதான் வைத்தேன்.

பதில்: டேங்கைக் காலி செய்தால் போதாது தம்பி. குழாய்களிலும் வால்வுகளிலும் தங்கிய கொஞ்சத் தண்ணீர்தான் உறைந்து விரிந்து உடைக்கிறது. பெக்ஸ் என்ற வளையும் பிளாஸ்டிக் குழாய் ஓரளவு விரிந்து கொடுக்கும். கழிப்பறையின் பிளாஸ்டிக் வால்வு கொடுக்காது, வெடித்துவிடும். அதை ஒட்டப் பார்க்காதீர்கள். உங்கள் கழிப்பறை மாடலுக்கான வால்வு தனியாகக் கிடைக்கும். அதே நேரம் வெளி ஷவர் குழாயையும் பாருங்கள், அதுவும் போயிருக்க வாய்ப்பு அதிகம்.

அடுத்த குளிருக்கு இப்படிச் செய்யுங்கள். வாட்டர் ஹீட்டரைக் காலி செய்து பைபாஸில் போடுங்கள், அதாவது தண்ணீர் அதற்குள் போகாமல் சுற்றிப் போகும்படி வால்வைத் திருப்புங்கள். கம்ப்ரெசரை 40 பிஎஸ்ஐக்கு மேல் ஏற்றாமல் காற்றை அனுப்பி, குழாய்களை ஒவ்வொன்றாகத் திறந்து ஊதி எடுங்கள். கழிப்பறைப் பெடலையும் மிதியுங்கள். அப்புறம் மோட்டார்ஹோம்களுக்கென்று விற்கும் இளஞ்சிவப்பு ஆன்டிஃப்ரீஸை (உறையாமல் காக்கும் திரவம்) பம்ப் வழியாக இழுத்து, எல்லா வாயிலும் நிறம் வரும்வரை ஓடவிடுங்கள். கார் எஞ்சினுக்கு ஊற்றும் ஆன்டிஃப்ரீஸ் பெரும்பாலும் எத்திலீன் கிளைகால், அது விஷம். குடிநீர்க் குழாய்க்குள் அது போகவே கூடாது.

கேள்வி: வாட்டர் ஹீட்டர் போட்டதும் வண்டியின் வெளிப்பக்கத்தில் உள்ள பித்தளை வால்விலிருந்து சொட்டுகிறது. மாற்ற வேண்டுமா?

பதில்: அவசரப்படாதீர்கள். அது பாதுகாப்பு வால்வு. 150 பிஎஸ்ஐ அழுத்தத்தில், அல்லது 99 டிகிரி செல்சியஸில் திறக்கும். ஹீட்டர் டேங்கின் மேல்பகுதியில் கொஞ்சம் காற்று இருக்க வேண்டும். சூடாகி விரியும் தண்ணீருக்கு அதுதான் இடம் தருகிறது. நாளாக அந்தக் காற்று தண்ணீரில் கரைந்து போய்விட்டால், விரியும் தண்ணீர் வால்வைத் தள்ளும்.

ஹீட்டரை அணைத்து நன்றாக ஆறவிடுங்கள். தண்ணீரை அடைத்து, சுடுநீர்க் குழாய் ஒன்றைத் திறந்து அழுத்தத்தை இறக்குங்கள். பிறகு அந்த வால்வின் நெம்புகோலைத் தூக்கி, தண்ணீர் வருவது நிற்கும்வரை விட்டு மூடுங்கள். காற்று மறுபடி நிறைந்துவிடும். இதற்குப் பிறகும் சொட்டினால் வால்வை மாற்றலாம். என்ன ஆனாலும் அதில் மூடி போட்டு அடைத்துவிடாதீர்கள், டேங்க் வெடிக்கும்.

கேள்வி: 1992 வண்டி ஒன்று வாங்கியிருக்கிறேன். குழாய்கள் சாம்பல் நிறம். ஓர் இணைப்பைச் சரிசெய்தால் அடுத்தது ஒழுகுகிறது.

பதில்: அது பாலிபியூட்டிலீன் என்ற பழைய வகைப் பிளாஸ்டிக் குழாய். 1970களின் இறுதியிலிருந்து 1990களின் நடுப்பகுதி வரை அமெரிக்க வீடுகளிலும் வண்டிகளிலும் போட்டார்கள். தண்ணீரிலுள்ள குளோரின் பட்டு உள்ளுக்குள்ளேயே நொறுங்கும் என்ற புகாரில் வழக்குகள் நடந்து, பெருந்தொகைக்குச் சமரசம் ஆனது. ஒவ்வோர் இணைப்பாக மாற்றிக்கொண்டிருக்காமல் மொத்தத்தையும் பெக்ஸாக மாற்றிவிடுங்கள் என்றுதான் சொல்வேன். குழாய் விலை அதிகமில்லை, வேலைதான் அதிகம். அதுவரை ஒப்பேற்ற வேண்டுமென்றால், இரண்டு வகைக் குழாயையும் சேர்ப்பதற்கென்றே வரும் இணைப்பை வாங்குங்கள். வெளிவிட்டம் ஒன்றாக இருந்தாலும் உள்விட்டம் வேறு. சாதாரண பெக்ஸ் முனை அதில் சரியாக உட்காராது.

கேள்வி (நியூ ஜெர்சி): பெக்ஸ் குழாயில் சின்ன விரிசல். வளையத்தை நசுக்கி இறுக்கும் கிரிம்ப் கருவி வாங்க வேண்டுமா, அல்லது தள்ளிச் செருகும் இணைப்பு போதுமா?

பதில்: வழியில் நின்றுகொண்டிருந்தால் தள்ளிச் செருகுவது போதும். வண்டியில் எப்போதும் இரண்டு வைத்திருங்கள். விரிசல் பகுதியை வெட்டி எடுங்கள். வெட்டு நேராக இருக்கட்டும், ஹாக்ஸா வேண்டாம், குழாய் வெட்டி நல்லது. உள்ளே போக வேண்டிய ஆழத்தைப் பேனாவால் குறித்துவிட்டு, அந்தக் கோடு மறையும்வரை தள்ளுங்கள். குழாயின் வெளிப்புறத்தில் கீறல் இருந்தால் அதன் வழியாகக் கசியும், இன்னும் கொஞ்சம் தள்ளி வெட்டுங்கள்.

நிரந்தர வேலைக்கு எனக்கு வளையம் போட்டு இறுக்குவதுதான் பிடிக்கும். அதிலும் காதுள்ள ஸ்டீல் கிளாம்ப். செப்பு வளையத்துக்கான நீளக் கைப்பிடிக் கருவி சிங்க் அடியில் திரும்பவே இடம் கிடைக்காது. ஸ்டீல் கிளாம்புக்கு ஒரே கருவி எல்லா அளவுக்கும் போதும், இடுக்கிலும் நுழையும். வளையத்தைக் குழாய் முனையிலிருந்து ஒரு நூல் (எட்டில் ஒரு பங்கு அங்குலம்) தள்ளி வைத்து இறுக்குங்கள்.

கேள்வி: பிளாஸ்டிக் நட் கசிகிறது. டெஃப்லான் டேப் எத்தனை சுற்று?

பதில்: உள்ளே கூம்பு வாஷர் இருந்தால் ஒரு சுற்றும் வேண்டாம், அங்கே தண்ணீரை நிறுத்துவது வாஷர்தான். கையால் இறுக்கி, மேலே கால் திருப்பு. அதற்கும் கசிந்தால் வாஷர் நசுங்கியிருக்கும், அல்லது நட்டில் விரிசல். மேலும் முறுக்கினால் உடையும். சிலிக்கான் பூசுவது அறவே வேண்டாம்.

கேள்வி (லண்டன்): குளிர் இரவில் வண்டிக்கு அடியில் தண்ணீர் எல்லாம் கொட்டிவிட்டது. வண்டியில் இருப்பது ட்ரூமா கம்பெனி ஹீட்டர். எங்கே உடைந்தது?

பதில்: பெரும்பாலும் எதுவும் உடையவில்லை. ட்ரூமாவின் உறைவுக் காப்பு வால்வு, தன்னைச் சுற்றி 3 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குளிர்ந்தால் தானாகத் திறந்து ஹீட்டர் தண்ணீரை வெளியேற்றிவிடும். பம்ப் ஓடிக்கொண்டிருந்தால் டேங்க் தண்ணீரும் கூடவே போய்விடும். வால்வு இருக்கும் இடம் 7 டிகிரிக்கு மேல் சூடான பிறகுதான் அதை மூட முடியும். முதலில் வண்டிக்குள் ஹீட்டிங் போடுங்கள்.

கேள்வி: கசிவை நிறுத்திவிட்டேன். தரை மெத்தென்று அமுங்குகிறது. மேலே வினைல் ஒட்டிவிடலாமா?

பதில்: கூடாது. ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். சுலபமாக இறங்கினால் அந்தப் பலகை அழுகிவிட்டது, கெட்டியான மரம் வரும்வரை வெட்டி எடுத்து மாற்ற வேண்டும். நனைந்த இன்சுலேஷனையும் எடுத்துவிடுங்கள். பக்கத்தில் மின்கம்பி போகிறதென்றால் வெளி மின்சாரத்தையும் பேட்டரியையும் துண்டித்த பிறகு கை வையுங்கள். மின்விசிறியும் ஈரம் உறிஞ்சும் டீஹியூமிடிஃபையரும் வைத்துக் காயவிடுங்கள். ஈரமானி மலிவாகவே கிடைக்கிறது. நனையாத மூலையில் ஒருமுறை அளந்துகொண்டு, நனைந்த இடமும் அதே அளவைக் காட்டிய பிறகு மூடுங்கள்.