கொழுந்திலும் ஃபைன், பொலிஸிலும் ஃபைன்

இந்த வாரக் கேள்விகளில் நான்கு ‘ஃபைன்’ என்ற ஒரே ஆங்கிலச் சொல்லைப் பற்றியவை. மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பதில் ‘ஃபைன் பிளக்கிங்’ என்கிறார்கள். பொலிஸிலோ ‘ஃபைன்’ கட்டச் சொல்கிறார்கள். இரண்டும் ஒரே சொல்லா?
– தலவாக்கலை வாசகர்

வேர் ஒன்றுதான். லத்தீனில் ‘ஃபீனிஸ்’ என்றால் முடிவு, எல்லை. பழைய பிரெஞ்சில் அது ‘ஃபின்’ ஆனபோது, கடைசிவரை செய்து முடித்தது, குறையே இல்லாதது என்ற பொருள் ஏறிக்கொண்டது. அப்படியே ஆங்கிலத்துக்கும் போனது. மாசு நீக்கிய தங்கம், மெல்லிய நூல், பொடியாய் அரைத்த மாவு எல்லாமே ஃபைன். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாய்க் கிள்ளிய கொழுந்தும் அப்படித்தான். மூன்றாம் நான்காம் இலையும் முத்தலும் கலந்தால் அது ‘கோர்ஸ்’, அதாவது மட்டரகம். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் கூடையைக் கொட்டியதும் கணக்கப்பிள்ளை விரலால் கிளறித் தேடுவது இதைத்தான். நீங்கள் படிக்கப் போகும் கோர்ஸும் இந்தக் கோர்ஸும் ஒரே சொல்லிலிருந்து பிரிந்தவை என்பதுதான் பரவலான கருத்து: வழக்கமாய் நடப்பது, அதனால் சாதாரணமானது, அதனால் மட்டமானது. பாவம் அந்தச் சொல்!

தண்டப்பணம் வேறு வழியாக வந்தது. பிணக்கை முடித்துக்கொள்ளக் கொடுத்த காசு அது. ஃபினிஷ், ஃபைனல், ஏன், ஃபினான்ஸ்கூட இந்தக் குடும்பம்தான்.

‘ஹவ் ஆர் யூ’ என்றால் ‘வெரி ஃபைன்’ எனலாமா?
– ஹட்டன், சாதாரண தர மாணவி

வேண்டாம். ‘ஃபைன், தேங்க் யூ’ போதும். அழுத்திச் சொல்ல ஆசை என்றால் ‘வெரி வெல்’. துணியையோ மணலையோ பற்றிப் பேசும்போது ‘வெரி ஃபைன்’ சரிதான்.

இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றவா என்றேன், விருந்தாளி ‘ஐம் ஃபைன்’ என்றார். ஊற்றிவிட்டேன். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.
– எல்ல, கெஸ்ட் ஹவுஸ் ஊழியர்

அவர் ‘போதும்’ என்றிருக்கிறார், தம்பி. எதையாவது நீட்டும்போது இந்தப் பதில் வந்தால் கேத்தலைக் கீழே வையுங்கள்.

லீவு கேட்டேன். மேலதிகாரி ‘ஃபைன்’ என்று ஒரே சொல்லோடு முற்றுப்புள்ளி வைத்துவிட்டார். கோபமா?
– பண்டாரவளை வாசகர்

ஆளைப் பொறுத்தது. ‘தட்ஸ் ஃபைன்’ என்றிருந்தால் யோசிக்கவே தேவையில்லை. தனியாய் நிற்கும் ‘ஃபைன்’ சில வேளை ‘என்னவோ செய்’ என்பதுதான். அவர் எப்போதுமே ஒற்றைச் சொல்லில் பதில் போடுகிறவர் என்றால் நிம்மதியாக பஸ் ஏறுங்கள்.